சஹனில் ஆறாவது ஆள்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முதலாம் பாடத்துக்கு மணி அடித்த கையோடு, ராத்தா ஒரு பெரிய சஹனை இடுப்பில் சாய்த்துப் பிடித்தபடி எங்கள் வகுப்பறை வாசலில் வந்து நின்றார். மற்றக் கையில் மகனின் மணிக்கட்டு. சஹன் என்றால் எங்கள் ஊர்க் கலியாண வீடுகளில் ஆறு பேர் பாயில் வட்டமாக இருந்து ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிடுகிற அகன்ற தட்டு. சோறும் இறைச்சியும் இல்லாத வெறும் சஹனை நான் அதற்கு முன் அவ்வளவு கிட்ட நின்று பார்த்ததில்லை. அதை என் மேசையில், பிள்ளைகளின் கொப்பிகளுக்கு மேலேயே வைத்துவிட்டு அவர் சொன்னார்: "டீச்சர், இவனுக்கு இதுல இரிந்து சாப்புடப் பழக்கித் தாங்க. மகள்ற கலியாணத்துக்கு நாலு மாசம் இரிக்கி."

அவரை நான் ராத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட மூன்று வயது மூத்தவர். சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கமாக இருந்த அவருடைய வீட்டில் ஊர் விழிக்கும் முன்பே அடுப்பு எரியும். மூன்று தேநீர்க் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கணவர் கட்டாரில். ஒரு மகள், ஒரு மகன். மகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஓட்டிசம் உள்ள பிள்ளை. கதைப்பது குறைவு, கதைத்தாலும் மூன்று சொல்லுக்கு மேல் போகாது. ஆனால் அந்த மூன்றும் தேவையான சொல்லாக இருக்கும். ஆசிரியர் கூட்டங்களில் இருக்கும்போது அந்தக் குணத்தின் அருமை எனக்கு நன்றாகத் தெரியும். நான் அரசாங்கப் பாடசாலை ஒன்றின் விசேட கல்வி அலகில் ஆசிரியை. பதினொரு பிள்ளைகள், இரண்டு ஆசிரியைகள், ஒரு மின்விசிறி. பயிற்சி முடித்து வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. என்னைப் பற்றி எனக்கே மிக நல்ல அபிப்பிராயம் இருந்த காலம் அது.

சஹன் எப்படிப் பிரச்சினையாயிற்று என்று சொல்ல வேண்டும். அதுவரை எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் அவன் உம்மாவோடு பெண்கள் பக்கத்தில்தான் இருப்பான். உம்மா தன் பங்கிலிருந்து சின்னக் கோப்பை ஒன்றில் தனியாக எடுத்து வைப்பார். அவன் சுவரைப் பார்த்தபடி இருந்து சாப்பிட்டு முடித்துவிடுவான். யாருக்கும் ஒரு கரைச்சலும் இல்லை. பிறகு ஒரு நோன்புக்கும் அடுத்த நோன்புக்கும் இடையில் அவன் சடாரென்று வளர்ந்துவிட்டான். குரல் உடைந்தது, மேலுதடு கறுத்தது. அடுத்த கலியாணத்தில் அவனைக் கண்டதும் பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். ஒருவர் மரியாதையாகத்தான் சொன்னார், "இனி இவன ஆம்புளயள்ற பக்கம் அனுப்புங்க" என்று. அனுப்பினார்கள். முன்பின் பழக்கமில்லாத ஐந்து ஆண்களோடு ஒரு சஹனில் இருத்தினார்கள். யாரோ ஒருவருடைய கை அவன் முன்னாலிருந்த சோற்றுக்குள் வந்தது. அவன் அந்தக் கையைக் கடித்தான். பிறகு சஹனைத் தூக்கிக் கவிழ்த்தான். அதற்குப் பிறகு கலியாணத்துக்குச் சொல்ல வருகிறவர்கள் அவர்கள் வாசலில் நின்று தயங்கத் தொடங்கினார்கள். கடைசியில், "மகன ஆர்ட்டயும் உட்டுட்டு வாங்களன்" என்பார்கள். ராத்தா யாரிடமும் விடவில்லை. தானும் போகாமல் இருந்துவிட்டார்.

இப்போது கலியாணம் அவர்கள் வீட்டிலேயே. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதிலும் அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம்: அந்த வீட்டில் மாப்பிள்ளை சாப்பிடும் முதல் சஹனில் பெண்ணின் சகோதரர்கள் கூட இருக்க வேண்டும். மகளுக்கு இருப்பது இவன் ஒருவன்தான். உறவுக்காரர்கள் கூடி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வரிப்பத்தான்சேனையில் அவனுடைய சாச்சி வீடு இருக்கிறது; அங்கே வயல் உண்டு, ஆடு உண்டு; இரண்டு நாளைக்கு அனுப்பிவிட்டால் அவனும் சந்தோசமாக இருப்பான், கலியாணமும் சத்தமில்லாமல் முடியும். ராத்தா பாதி மனதோடு தலையாட்டிவிட்டார். மகள்தான் கேட்டிருக்கிறாள்: "மூணாம் நாள் தம்பி திரும்பி வரத்தானே உம்மா போறான்? அண்டைக்கு இவர்ட்ட என்னெண்டு சொல்ற? ஒளிச்சு வெச்சிருந்தம் எண்டா?" அடுத்த நாள் காலை சஹன் என் மேசைக்கு வந்தது.

எனக்கு இது பெரிய வேலையாகவே தெரியவில்லை. வாரத்தில் இரண்டு நாள் ராத்தா சோறும் கோழிக்கறியும் சமைத்துக் கொண்டுவருவார். நான், மற்ற ஆசிரியை, அலகில் படிக்கும் மூன்று பிள்ளைகள், ஆறாவது ஆளாக அவன். சுவரில் ஒரு அட்டை ஒட்டினேன். அதில் ஐந்து கட்டங்கள். தன் பக்கத்துச் சோற்றை மட்டும் சாப்பிட்டால் ஒரு நட்சத்திரம், கத்தாமல் இருந்தால் ஒன்று, கடைசிவரை எழும்பாமல் இருந்தால் ஒன்று, இப்படி ஐந்து. ஐந்தும் நிறைந்தால் பத்து நிமிடம் மின்விசிறிக்கு நேர்கீழே படுத்து அது சுற்றுவதைப் பார்க்கலாம். உலகத்தில் அவனுக்கு அதைவிடப் பிடித்த விசயம் இல்லை. அவன் கை எல்லை தாண்டப் போனால் நான் கண்ணை உயர்த்துவேன், கை திரும்பிவிடும். தோள் இறுகினால் லேசாகச் செருமுவேன், தோள் இறங்கிவிடும். ஆறு வாரத்தில் அட்டை நட்சத்திரத்தால் நிறைந்தது. அதிபரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், இத நம்மட பத்தாம் வகுப்புக்கும் ஒருக்காப் பழக்குங்க டீச்சர்" என்றார். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

ராத்தா மட்டும் மூலையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் சாப்பாட்டுக்கு நடுவில் மெதுவாகச் சொன்னார், "டீச்சர், நீங்க ஒருக்கா எழும்பி வெளிய போங்க பாப்பம்." எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் கையை உதறிக்கொண்டு எழும்பிப் போய் ஜன்னலுக்கு அப்பால் நின்றேன். அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். கதவைப் பார்த்தான், என்னுடைய வெறும் இடத்தைப் பார்த்தான், மறுபடியும் கதவைப் பார்த்தான். பக்கத்திலிருந்த பிள்ளையின் விரல் தெரியாத்தனமாக அவன் பக்கத்துச் சோற்றில் பட்டது. நான் உள்ளே ஓடி வருவதற்குள் சஹன் கவிழ்ந்து, கறி சுவரிலிருந்த நட்சத்திரங்கள் வரை தெறித்திருந்தது. தரையைத் துடைத்துக்கொண்டே ராத்தா சொன்னார்: "இவன் அடங்கினது உங்கட கண்ணுக்கு, டீச்சர். அண்டைக்கு நீங்களும் நானும் மகளும் பொம்புளயள்ற பக்கம். திரைக்கு அங்கால இவனுக்கு ஆர்ர கண் இரிக்கி?"

இரண்டு நாள் அவருடன் நான் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இடியப்பம் அவிக்கிற ஒருவர் எனக்குப் பாடம் எடுப்பதா என்று மனதுக்குள் எரிந்தேன். அதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. மூன்றாம் நாள், வேறொரு பிள்ளை பென்சிலை எடுக்கப் போய், எடுக்கலாமா என்று என் முகத்தைப் பார்த்தது. பென்சில் அந்தப் பிள்ளையுடையது. பிறகு ஒவ்வொரு பிள்ளையாகக் கவனித்தேன். எல்லோரும் எதற்கும் என்னைத்தான் பார்த்தார்கள். பதினொரு பிள்ளைகளுக்கும் நான் கற்றுக் கொடுத்திருந்த ஒரே பாடம் என் முகம். பின்னேரம் பாடசாலை விட்டதும் நேரே ராத்தா வீட்டுக்குப் போனேன். அவர் மாவுக் கையோடு வந்து கதவைத் திறந்தார், என்னைப் பார்த்துச் சிரித்தார், தேத்தண்ணி போட உள்ளே போய்விட்டார். மன்னிப்புக் கேட்கும் சங்கடத்தைக்கூட அவர் எனக்குத் தரவில்லை.

அன்றுதான் உண்மையில் வேலை தொடங்கியது. கண்காணிக்கிற வேலையை என்னிடமிருந்து எடுத்து அவனிடமே கொடுப்பது என்று முடிவெடுத்தோம். தன் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை அவனே பார்க்க வேண்டும், அவனே அளவு சொல்ல வேண்டும், அதற்கு என்ன செய்வது என்று அவனே செய்ய வேண்டும். நான் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அட்டைகள் செய்துகொண்டு போனேன். ஒரே நாளில் மூன்றிலும் கறி அப்பிப் பிசுபிசுத்துப் போயின. ராத்தா அவற்றைத் தூர வைத்துவிட்டு, "சாப்புடக்குள்ள இடக்கை சும்மாதானே கிடக்கு" என்றார். தொழுகைக்குப் பிறகு விரல் மடித்து எண்ணுவதை அவன் சின்ன வயதிலேயே பழகியிருந்தான், அதைத்தான் எடுத்துக்கொண்டோம். தொடையில் வைத்திருக்கும் இடக்கையில் ஒரு விரல் மடிந்தால் சுகமாக இருக்கிறது. இரண்டு மடிந்தால் இறுக்கமாக இருக்கிறது, மூச்சை மெதுவாக விட வேண்டும். மூன்று மடிந்தால் எழும்பிப் போய்க் கை கழுவ வேண்டும். தண்ணீர் அவனுக்கு எப்போதும் நல்லது. குழாயடியில் கொஞ்ச நேரம் நின்றால் தோள் தானாக இறங்கிவிடும். இதில் யாருக்கும் எதுவும் வெளியே தெரியாது. சஹனில் இருக்கிற மற்ற ஐந்து பேரும் சோற்றைத்தான் பார்ப்பார்கள்.

எழும்புவதைப் பற்றி எங்களுக்குள் ஒரு சண்டை வந்தது. கடைசிவரை இருந்தால்தான் வெற்றி என்று நான் பிடிவாதமாக நின்றேன். எழும்பினால் நட்சத்திரம் இல்லை என்பது நான் போட்ட சட்டம். ராத்தாவுக்கு அது பிடிக்கவே இல்லை. "எழும்புறது குத்தமா டீச்சர்? வயிறு நெறஞ்சா எல்லாரும் எழும்புறதானே. இவனுக்கு மனசு நெறஞ்சிட்டு, எழும்புறான். நீங்க அதுக்குத் தண்டன குடுக்கிற மாதிரி வெச்சிருக்கீங்க." நான் கொஞ்ச நேரம் வாதாடிப் பார்த்தேன். பிறகு யோசித்தேன்: கடிக்கிறவனும் கவிழ்க்கிறவனும் எழும்பிப் போக வழியில்லாதவன்தான். வாசலை அடைத்தவள் நான். அந்தச் சட்டத்தை அன்றே கிழித்தேன். மூன்று விரல் மடிந்து அவன் எழும்பினால் அதற்கும் ஒரு சரி என்று புதிதாக எழுதினேன்.

சரி போடும் வேலையையும் அவனிடமே கொடுத்தோம். சாப்பாடு முடிந்ததும் அவன் தன் அட்டையில் தானே சரியோ பிழையோ போட வேண்டும். நான் மறைவாக வேறொரு அட்டையில் போடுவேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அவனுடையதும் என்னுடையதும் ஒத்துப்போனால் மின்விசிறி நேரம் கூடும். முதல் வாரம் கள்ளன் எல்லாவற்றுக்கும் சரி போட்டான். ஒரு பிள்ளையின் தலையில் தயிர்ச் சட்டியைக் கவிழ்த்த நாளிலும் ஐந்து சரி. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் அட்டையைக் காட்டுவேன். அவன் இரண்டையும் நெடுநேரம் உற்றுப் பார்ப்பான், பிறகு மின்விசிறியைப் பார்ப்பான். மெல்ல மெல்ல ஒத்துவரத் தொடங்கியது. நானும் முதலில் சஹனிலிருந்து எழும்பி மேசைக்குப் போனேன், பிறகு ஜன்னலுக்கு, பிறகு அதிபரின் அறைக்கு. மூன்றாம் மாதத்தில் ஒரு நாள், நான் தூரத்தில் நின்று பார்த்து எல்லாவற்றுக்கும் சரி போட்டிருந்தேன். அவன் அட்டையில் ஒரு பிழை இருந்தது. எனக்குப் புரியவில்லை. "ஏன் மனே பிழை?" என்று கேட்டேன். இடக்கையைத் தூக்கி மூன்று விரலை மடித்துக் காட்டினான். "நான் எழும்பல்ல" என்றான். எனக்குத் தெரியாத ஒன்றை, என்னால் ஒருபோதும் பார்க்க முடியாத ஒன்றை, அவன் பார்த்துக் கணக்கு வைத்திருந்தான். அன்றோடு நான் என் அட்டையை வைப்பதை நிறுத்திவிட்டேன்.

கலியாண நாள் வந்தது. வீட்டு முற்றத்திலும் பக்கத்து வளவிலும் பந்தல், அங்கே ஆண்கள். வீட்டுக்குள் பெண்கள். நடுவில் பச்சைத் திரை. வாப்பா கட்டாரிலிருந்து வந்திருந்தார்; ஆனால் வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்பதற்கே அவருக்கு நேரம் சரியாக இருந்தது. அதோடு, பாவம், மகனை அவர் பெரும்பாலும் தொலைபேசியில்தான் அறிவார். மாப்பிள்ளை வந்து இறங்கினார். முதல் சஹன் விரிக்கப்பட்டது. மாப்பிள்ளை, அவருடைய சிநேகிதர்கள் நால்வர், ஆறாவதாக அவன். புதுச் சேட்டும் தொப்பியும் போட்டு, முதுகை நேராக வைத்துக்கொண்டு, இடக்கையைத் தொடையில் வைத்திருந்தான். நான் திரையின் ஓரத்தில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன். இப்படி எட்டிப் பார்ப்பது ஒரு ஆசிரியைக்கு அழகில்லை என்று தெரியும். ராத்தா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. குசினிக்குள் நின்று முதுகைத் திரைப் பக்கம் காட்டிக்கொண்டு இனிப்புக்கான வட்டிலப்பத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். வரச் சொல்லிக் கையைக் காட்டினேன். தலையை ஆட்டி மறுத்தார்.

பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கினார்கள். ஒரு விரல் மடிந்திருந்தது. நன்றாகத்தான் போனது. தன் முன்னாலிருந்த சோற்றை ஒழுங்காக, ஒரு மணியும் சிந்தாமல் தின்றுகொண்டிருந்தான். அப்போதுதான் எங்கள் நான்கு மாத உழைப்பில் இருந்த பெரிய ஓட்டை எனக்குத் தெரிந்தது. எங்கள் ஊரில் சஹனில் இருக்கிறவர்கள் அன்பைக் கையால்தான் காட்டுவார்கள். நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்து எடுத்துப் பக்கத்திலிருப்பவர் பக்கம் தள்ளுவார்கள். வேண்டாம் என்றால் இன்னொன்று தள்ளுவார்கள். இது நான் பிறந்ததிலிருந்து கண்டு வளர்ந்த வழக்கம். ஆனால் வகுப்பில் நாங்கள் எல்லோரும் பழக்குகிறோம் என்ற நினைப்பில் அவரவர் எல்லைக்குள் கையை வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். இந்த ஊரில் எவரும் சாப்பிடாத விதத்தில் சாப்பிட்டு அவனைப் பழக்கியிருக்கிறோம். மாப்பிள்ளை, புது மச்சானை மகிழ்விக்க நினைத்து, பொரித்த கோழிக்கால் ஒன்றை எடுத்து அவன் சோற்றின் நடுவில் வைத்து அழுத்திவிட்டு, அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

இரண்டு விரல் மடிந்தது. உடனேயே மூன்று. செருமலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அது அவனுக்குக் கேட்கும், தோள் இறங்கும், சஹன் தப்பும். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டேன். அவன் எழும்பினான். கறிக்கையை முன்னால் நீட்டியபடி, வரிசை வரிசையாக இருந்த ஆண்களுக்கு நடுவில் நடந்தான். பெரிய மனிதர் ஒருவர், விருந்தில் யாரையும் பாதியில் எழும்ப விடக்கூடாது என்ற நம் நல்ல பழக்கத்தில், அவன் சேட்டைப் பிடித்து, "எங்க மனே போறாய்? இரி, இரிந்து சாப்புடு" என்றார். அந்த நிலையில் அவனைத் தொட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவன் நின்றான். பிடித்திருந்த கையைப் பார்த்தான். "கை கழுவ" என்றான். அவர் விட்டுவிட்டார். குழாயடியில் அவன் நின்ற நேரம் எனக்கு ஒரு நோன்புப் பகல் அளவு நீண்டது. மாப்பிள்ளை சிரிப்பு மங்கிப்போய், தான் என்ன பிழை செய்தோம் என்று சிநேகிதர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவன் திரும்பி வந்தான். தன் இடத்தில் இருந்தான். கோழிக்காலை எடுத்து மாப்பிள்ளை பக்கத்தில் வைத்தான். "போதும்" என்றான். சஹனில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டு அதை எடுத்துக் கடித்தார். பந்தலில் வேறு ஒருவருக்கும் ஒன்றும் நடந்ததாகவே தெரியவில்லை.

நான் குசினிக்குப் போய், "எழும்பினான் ராத்தா" என்றேன். அவர் திரும்பாமலே, "திரும்பி வந்தானா?" என்று கேட்டார். வந்தான் என்றேன். "அப்ப சரி. இந்தத் தட்ட அங்கால குடுங்க" என்று ஒரு வட்டிலப்பத் தட்டை என் கையில் தந்தார். தந்துவிட்டு முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வாரம் நான் அந்த ஓட்டையைப் பற்றிச் சொல்லி நொந்துகொண்டபோது அவர் சொன்னதை இன்றுவரை என் அலகுக்கு வருகிற ஒவ்வொரு தாய் தகப்பனிடமும் சொல்கிறேன்: "எல்லாத்தையும் பழக்க ஏலுமா டீச்சர்? பழக்காதது வரக்குள்ள என்ன செய்யிற எண்டு அவனுக்குத் தெரிஞ்சாப் போதும்."

அதற்குப் பிறகு ஏழு வருடம். மாப்பிள்ளை அந்த வீட்டு மனிதரானார்; மச்சானுக்கு இறைச்சி தள்ளுவதை விட்டுவிட்டார், ஆனால் மற்ற எல்லோருக்கும் தள்ளுவார். அவன் வளர்ந்து, சைக்கிளில் மூன்று கடைகளுக்கும் இடியப்பம் கொண்டுபோய்க் கொடுக்கிறவன் ஆனான். கெட்ட நாட்களும் இருந்தன. ஒருமுறை அக்கரைப்பற்று பஸ் நிலையத்தில் சத்தம் தாங்காமல் நிலத்தில் விழுந்து தலையை அடித்துக்கொண்டான். ராத்தா பக்கத்தில் குந்தியிருந்து, யார் என்ன பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அவன் எழும்பும்வரை காத்திருந்து கூட்டிவந்தார். இந்தப் பிள்ளைகளை மாற்றி எடுத்துவிட்டோம் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. அவனுக்கு ஓட்டிசம் இருந்தது, இருக்கிறது, இருக்கும். ஆனால் தன் கடிவாளம் தன் கையில் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளையின் நடையே வேறு. என் வகுப்பில் இப்போது சுவரில் நட்சத்திரம் இல்லை. பிள்ளைகள் என் முகத்தைப் பார்ப்பதும் குறைந்துவிட்டது, அது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

போன வருடம் மழை விட்ட ஒரு காலையில் ராத்தா அடுப்படியிலேயே சாய்ந்தார். இருதயம். வைத்தியசாலைக்குக் கொண்டுபோன ஒரு மணித்தியாலத்தில் மௌத்தானார். செய்தி கேட்டு நான் போனபோது வீடு நிறைய ஆட்கள். பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று முடிவாகியிருந்தது. கட்டாரிலிருந்து வாப்பா வந்து சேர வழியில்லை. மகன்தான் முன்னால் நிற்க வேண்டிய ஆள். உறவுக்கார ஆண்கள் வாசலில் நின்று தணிந்த குரலில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அடக்கம் செய்யும் மையவாடிக்கு அவனைக் கொண்டுபோக வேண்டாம், வெட்டிய கபுறைக் கண்டால் என்ன செய்வானோ, அறையில் இருக்கட்டும், யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்றார் ஒருவர். நல்ல மனதோடுதான் சொன்னார். மகள் அழுத முகத்தோடு என்னிடம் வந்து, "டீச்சர், நீங்க சொல்லுங்க. என்ன செய்யிற?" என்றாள். இதற்கு யாரும் அவனைப் பழக்கியிருக்கவில்லை. உம்மாவை அடக்கம் செய்யப் பழக்குவது எப்படி? "என்னட்ட ஏன் கேக்கிறீங்க? அவனக் கேளுங்க" என்றேன். அவன் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தான். மகள் போய்க் கேட்டாள். "நான் போவன்" என்றான்.

ஜனாஸா புறப்பட்டது. எங்கள் ஊரில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. வளவு வாசல்வரை வந்து நின்றுவிட்டோம். உடலைச் சுமந்த சந்தூக்கின் முன்புறத்தில் அவன் தோள் கொடுத்திருந்தது மட்டும் தெரிந்தது, பிறகு தெரு திரும்பியதும் அதுவும் இல்லை. இந்த முறை எட்டிப் பார்க்க எனக்கு ஒரு திரைகூட இல்லை. உள்ளே வந்து மகளின் பக்கத்தில் பாயில் இருந்தேன். ராத்தா இல்லாத குசினியைப் பார்க்கப் பயந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவர்மேல் இருந்தது வெறும் மரியாதை என்று அதுவரை நினைத்திருந்தேன்; அந்தப் பாயில் இருந்தபோதுதான் அது எவ்வளவு பெரிய அன்பு என்று தெரிந்தது.

பொழுது சாயும் மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் ஆண்கள் திரும்பி வந்தார்கள். அவன் யாரையும் பார்க்காமல் நேரே கிணற்றடிக்குப் போனான். ராத்தாவின் மருமகன், அந்த மாப்பிள்ளை, உள்ளே வந்து கதிரையில் இருந்தார். சேட்டெல்லாம் மண், கண் இரண்டும் வீங்கியிருந்தன. நான், "அவன் எப்பிடி இரிந்தான்?" என்று கேட்டேன்.

"கபுறுக்குள்ள இறக்கக்குள்ள ரெண்டு பேர் இவன்ட ரெண்டு கையையும் இறுக்கிப் புடிச்சிட்டு நிண்டாங்க, டீச்சர். பாஞ்சிருவான் எண்ட பயம். இவன் சொன்னான், கைய உடுங்க, நான் நிக்கிறன் எண்டு. அவங்க என்னப் பாத்தாங்க. உடுங்க எண்டன்."

"மறுகா என்ன நடந்த?" என்றேன்.

"மூணு புடி மண் போட்டான். கடைசி ஆள் போற வரைக்கும் அப்பிடியே நிண்டான்." மருமகன் கையிலிருந்த தொப்பியைச் சுருட்டினார். "எனக்குத்தான் நிக்க ஏலாமப் போச்சு, டீச்சர். நான் அங்கால போயிட்டன். அவன் நிண்டான்."